1986-ல் கேட்ட மன்னிப்பை இன்னும் ஏற்கவில்லை: கனடா ஐக்கிய திருச்சபையும் பூர்வகுடிகளும்

ரூஜ்நதிக்கரை
திங்கள், இரவு 10:12

வணக்கம். செப்டம்பர் 30, ஆரஞ்சுச் சட்டை நாள் வருகிறது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பாடசாலைகளை (விடுதிப் பள்ளிகளை) நினைவுகூரும் நாள். ஸ்காபரோவில் நாங்கள் கூடும் ஆலயம் கனடா ஐக்கிய திருச்சபையைச் சேர்ந்தது (மெதடிஸ்ட்கள் முதலியோர் இணைந்து உருவான புரட்டஸ்தாந்து சபை). அதற்கு முந்திய ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் தமிழில் ஒரு கலந்துரையாடல் நடத்தும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். குழுவில் உள்ள மூத்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "நாங்கள் எண்பதுகளில் குண்டுக்குத் தப்பி வந்த சனம். அந்த வதிவிடப் பாடசாலைகளை நாங்களா நடத்தினோம்?" என்பது. அதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு, பிறகு எழுதுகிறேன். முதலில் சபையின் கதை.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் குவாட்ரா தீவு. அங்கே கேப் மட்ஜ் என்ற ஊரைச் சேர்ந்தவர் ஆல்பர்ட்டா பில்லி. ஐக்கிய திருச்சபையின் தேசியக் குழுவில் இருந்தவர். 1985-ல் அந்தக் குழுவின் முன்னால் எழுந்து, நீங்கள் எங்கள் மக்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டவர்கள் என்று நேராகச் சொன்னார். சபையே யோசித்து எடுத்த முடிவு இல்லை இது. உள்ளே இருந்த ஒரு பூர்வகுடிப் பெண் கேட்டதால் நடந்தது.

1986 ஆகஸ்டில் ஒன்டாரியோவின் சட்பரி நகரில் சபையின் பொதுமன்றம் கூடியது. பூர்வகுடி மூப்பர்கள் வெளியே திடலில் கூடாரத்தில் காத்திருந்தார்கள். அப்போதைய மாடரேட்டர் (சபையின் தேசியத் தலைவர்) ராபர்ட் ஸ்மித் அவர்களிடம் போய் மன்னிப்பைச் சொன்னார். சாரம் இதுதான்: உங்கள் மூதாதையர் கொடுத்த ஆன்மீகத்தின் மதிப்பு எங்களுக்குத் தெரியவில்லை, மேற்கத்திய நாகரிகத்தைச் சுவிசேஷம் என்று எண்ணிக் குழம்பினோம், உங்களை எங்களைப்போல ஆக்கப் பார்த்தோம், அதனால் உங்களோடு சேர்ந்து நாங்களும் ஏழைகளானோம்.

மூப்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஏற்றோம் என்று சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து, விக்டோரியாவில் கூடிய அடுத்த மன்றத்தில், பூர்வகுடிச் சபைகளின் சார்பில் ஈடித் மெம்னூக் பதில் சொன்னார். மன்னிப்பைப் பெற்றுக்கொள்கிறோம், ஏற்கவில்லை. அதை நீங்கள் வாழ்ந்து காட்டுவீர்கள் என்று நம்புகிறோம் என்பது அந்தப் பதில். சட்பரியில் அந்த நாளின் நினைவாகக் கற்களை அடுக்கி ஒரு குவியல் எழுப்பினார்கள். வேண்டுமென்றே முடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

நாற்பது வருடம் ஆகிவிட்டது. ஏற்கப்படாத மன்னிப்பை வைத்துக்கொண்டு ஒரு சபை என்ன செய்வது? இதை மையமாக வைத்துத்தான் பேசலாம் என்றிருக்கிறேன். உங்கள் கருத்து தேவை.

கேள்விமாடன்
திங்கள், இரவு 11:03

//பெற்றுக்கொள்கிறோம், ஏற்கவில்லை//

இது எனக்குப் புரியவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே. நாற்பது வருடமாக ஒரு தரப்பை வாசலில் நிற்கவைப்பது என்ன நியாயம்?

இன்னொன்று. நான் பாளையங்கோட்டைக்காரன். எங்கள் பாட்டி படித்தது மிஷன் விடுதிப் பள்ளியில். இல்லாவிட்டால் அவருக்கு எழுத்தே தெரிந்திருக்காது. எங்கள் குடும்பம் தலை நிமிர்ந்ததே அந்த விடுதியால்தான். இங்கே நல்லது செய்த அதே மிஷனரிமார் கனடாவில் மட்டும் அரக்கர்களாகிவிட்டார்களா? கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறேன்.

வின்னிபெக்வாசி
செவ்வாய், காலை 7:25

கேள்விமாடன் அண்ணா, நல்ல கேள்வி. வின்னிபெக்கில் குழந்தைகள் நலத்துறை சார்ந்த வேலையில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன்.

உங்கள் பாட்டியை விடுதிக்கு அனுப்பியது யார்? அவருடைய அப்பா அம்மா. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருப்பார். படித்தது தமிழில். ரேனியஸ் போன்ற மிஷனரிகள் தமிழுக்கு இலக்கணமே எழுதினார்கள். கனடாவில் 1920-ல் இந்தியர் சட்டத்தைத் திருத்தி (பூர்வகுடிகளைத்தான் அப்போது 'இந்தியர்' என்றார்கள்), 7 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியைக் கட்டாயம் ஆக்கினார்கள். அனுப்ப மறுத்த பெற்றோருக்குத் தண்டனை. போலீஸ் வந்து பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகும். முடியை வெட்டி, பெயரோடு ஒரு எண்ணும் போட்டு, தாய்மொழியில் பேசினால் அடி. திட்டத்தை நடத்திய அதிகாரி டங்கன் கேம்பெல் ஸ்காட் 'இந்தியர் பிரச்சினை' இல்லாமல் போகவேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர். பணமும் சட்டமும் அரசுடையவை, நடத்தியது திருச்சபைகள். சுமார் 1,50,000 பிள்ளைகள் போயிருக்கிறார்கள். ஏறத்தாழ 60 சதவீதம் பள்ளிகள் கத்தோலிக்கர் கையில். அடுத்து ஆங்கிலிக்கன். பிறகு ஐக்கிய திருச்சபையும் பிரெஸ்பிட்டேரியனும்.

சாவுக் கணக்கு அப்போதே தெரியும். 1907-ல் அரசின் மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் மேற்குப் பகுதிப் பள்ளிகளை ஆய்வு செய்தார். தகவல் கொடுத்த பள்ளிகளில் படித்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறந்திருந்தார்கள், பெரும்பாலும் காசநோயால். காற்றோட்டம் இல்லாத கட்டடங்கள், நோயாளிப் பிள்ளையையும் நல்ல பிள்ளையையும் ஒன்றாகப் படுக்க வைத்தல், இவைதான் காரணம் என்று எழுதினார். ஒன்றும் மாறவில்லை. சபைகளுக்கு அது தெரியாமல் இல்லை.

ஆனால் அண்ணா கேட்டதில் ஒரு நியாயம் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. இங்கே மானிட்டோபாவில் நார்வே ஹவுஸ் என்ற இடத்தில் 1840-ல் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற மெதடிஸ்ட் மிஷனரி, கிரீ என்ற பூர்வகுடி மக்களின் மொழிக்கு ஒரு எழுத்துமுறை உருவாக்கினார். கிரீ மக்கள் அதை ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து, மிஷனரி போகாத ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோய்விட்டார்கள். இன்றும் அந்த எழுத்து உயிரோடு இருக்கிறது. அதே நார்வே ஹவுஸில் அதே மெதடிஸ்ட் வழிவந்த சபை பிற்காலத்தில் வதிவிடப் பள்ளி நடத்தியது. கிரீ பைபிளை அச்சடித்த சபையின் காலத்திலேயே கிரீ பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அரக்கர் என்று சொல்லி முடித்துவிடலாம். அப்படிச் செய்தால் இது எப்படி நடந்தது என்ற கேள்வி தப்பித்துவிடும்.

மரியதாஸ்_மிசிசாகா
செவ்வாய், பகல் 12:50

நான் கத்தோலிக்கன். எங்கள் கதை இன்னும் சிக்கல், அதையும் சேர்த்துப் பேசுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் புரியாது.

மன்னிப்புக் கேட்ட வரிசை: ஐக்கிய சபை 1986, கத்தோலிக்கத் துறவற சபையான ஒப்லேட் குருக்கள் 1991, ஆங்கிலிக்கன் 1993, பிரெஸ்பிட்டேரியன் 1994. வத்திக்கான்? 2015-ல் வதிவிடப் பள்ளிகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 94 கோரிக்கைகளை வெளியிட்டது. 58 ஆவது, திருத்தந்தை ஒரு வருடத்துக்குள் கனடாவுக்கு வந்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றது. ஏழு வருடம் ஆனது. 2022 ஜூலை 25 அன்று ஆல்பர்ட்டாவில் மஸ்குவாசிஸ் என்ற ஊரில் திருத்தந்தை பிரான்சிஸ் கேட்டார். சக்கர நாற்காலியில் வந்த வயதான மனிதர். நான் தொலைக்காட்சியில் பார்த்து அழுதேன், மறைக்கவில்லை. தானே அந்தப் பள்ளியில் படித்த வில்டன் லிட்டில்சைல்ட் அவருக்கு இறகுத் தலையணி சூட்டினார். அதைப் பார்த்துக் கோபப்பட்ட பூர்வகுடிகளும் உண்டு.

மறுநாள் அந்த ஆணைக்குழுவின் தலைவராக இருந்த மரே சின்க்ளேர் ஓர் அறிக்கை விட்டார். கிறிஸ்தவர்கள் பலர் செய்த தீமைக்கு வருந்துகிறேன் என்று திருத்தந்தை சொல்கிறார், திருச்சபை ஒரு நிறுவனமாகச் செய்ததைச் சொல்லவில்லையே என்று அதில் சுட்டினார். என் கண்ணீர் காய்வதற்குள் வந்த விமர்சனம். எரிச்சல்தான் முதலில் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. பள்ளியை நடத்தியது சில கெட்ட குருக்கள் அல்ல, மறைமாவட்டங்களும் துறவற சபைகளும்.

பணக் கதையைச் சொன்னால் இன்னும் வெட்கம். பள்ளிகளில் படித்தவர்களுக்கான 2006 இழப்பீட்டு ஒப்பந்தப்படி கத்தோலிக்க நிறுவனங்கள் 29 மில்லியன் டாலர் ரொக்கமாகவும், 25 மில்லியன் சேவைகளாகவும் கொடுக்கவேண்டும். மேலும் 25 மில்லியனைத் திரட்ட 'இயன்ற முயற்சி' எடுக்கவேண்டும். அந்தத் திரட்டலில் சேர்ந்தது நாலு மில்லியனுக்கும் குறைவு. 2015-ல் நீதிமன்றத்தில் 1.2 மில்லியன் கட்டி மீதியிலிருந்து விடுபட்டார்கள். அதே காலத்தில் பேராலயங்களைப் புதுப்பிக்கவும் புதிதாகக் கட்டவும் எங்களிடம் எவ்வளவு கேட்டார்கள், நாங்களும் எவ்வளவு கொடுத்தோம் என்பது எனக்குத் தெரியும். 2021-ல் பள்ளிப் புதைகுழிச் செய்திகளால் நாடே கொதித்த பிறகு ஆயர்கள் மன்னிப்புக் கேட்டு, ஐந்து வருடத்தில் 30 மில்லியன் தருவதாக அறிவித்தார்கள்.

ரூஜ்நதிக்கரை
செவ்வாய், மாலை 6:18

மரியதாஸ் அண்ணை, நன்றி. அந்த 62 பொருட்கள் பற்றிச் சொல்வீர்கள் என்று பார்த்தேன் :)

மரியதாஸ்_மிசிசாகா
செவ்வாய், இரவு 8:41

அதுவா. 1925-ல் வத்திக்கானில் பெரிய மிஷன் கண்காட்சி நடந்தது. அதற்காக உலகமெங்கும் இருந்து மிஷனரிகள் பொருட்கள் அனுப்பினார்கள். அவற்றில் பல வத்திக்கான் அருங்காட்சியகத்திலேயே தங்கிவிட்டன. 2025 நவம்பரில் திருத்தந்தை லியோ அவற்றில் 62 பொருட்களைக் கனடா ஆயர்களிடம் கொடுத்தார். வடதுருவப் பகுதி இனுவியலூயிட் மக்களின் கயாக் (தோணி) ஒன்றும் அதில் உண்டு. ஆயர்கள் வழியாகப் பூர்வகுடி அமைப்புகளுக்குப் போகும் ஏற்பாடு. வத்திக்கான் அதை அன்பளிப்பு என்றது. யாருடைய பொருளை யாருக்கு அன்பளிப்பது என்று எங்கள் பங்கிலேயே சிலர் கேட்டார்கள். ஆனாலும் வந்து சேர்ந்தது, அது பெரிய விஷயம்.

ஆல்பர்ட்டா பில்லியின் ஊரைச் சொன்னீர்களே, கேப் மட்ஜ். அங்கேயும் இதே கதைதான். பொட்லாச் என்ற கொடைச் சடங்கு 1885 முதல் 1951 வரை சட்டப்படி குற்றம். தடை கேட்டவர்களில் மிஷனரிகளும் முன்வரிசை. 1921 கிறிஸ்மஸ் காலத்தில் நடந்த ஒரு பெரிய பொட்லாச்சைப் பிடித்து, சிறைக்குப் போகாமல் தப்பவேண்டுமானால் முகமூடிகளையும் செப்புப் பட்டயங்களையும் ஒப்படையுங்கள் என்றார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோதும், அருங்காட்சியகம் கட்டினால்தான் தருவோம் என்று நிபந்தனை. கேப் மட்ஜில் 1979-ல் கட்டினார்கள். அந்த அம்மா சபையின் முன் எழுந்து பேசியது அதற்கு ஆறு வருடம் கழித்து.

சட்டக்கோப்பு
புதன், காலை 9:30

வான்கூவரில் இருந்து எழுதுகிறேன், சட்ட அலுவலகம் ஒன்றில் வேலை. இந்த இழையில் ஒரு முக்கியமான இடம் விடுபட்டுவிட்டது. 1986 மன்னிப்பை முழுதாகப் படித்துப் பாருங்கள். ஆன்மீகம், நாகரிகம், சுவிசேஷம் எல்லாம் இருக்கிறது. வதிவிடப் பள்ளி என்ற சொல் இல்லை. பள்ளிகளுக்காக ஐக்கிய சபை தனியாக மன்னிப்புக் கேட்டது 1998 அக்டோபரில், மாடரேட்டர் பில் ஃபிப்ஸ் வழியாக. நடுவில் பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் நடந்தது நீதிமன்றம்.

வான்கூவர் தீவில் போர்ட் ஆல்பர்னி. அங்கே சபை நடத்திய பள்ளியின் விடுதிக் காப்பாளர் ஆர்தர் பிளிண்ட், பிள்ளைகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததை 1995-ல் ஒப்புக்கொண்டு 11 வருடச் சிறை பெற்றார். பாதிக்கப்பட்டவர்கள் அரசின் மீதும் சபையின் மீதும் வழக்குப் போட்டார்கள். 1998 ஜூனில் பிரிட்டிஷ் கொலம்பியா உயர் நீதிமன்றம் இருவரும் சேர்ந்து பொறுப்பு என்றது. சபை மன்னிப்புக் கேட்டது அதற்கு நாலு மாதம் கழித்து. ஆனால் மேல்முறையீடுகள் தொடர்ந்தன. பிள்ளைகளாக இருந்தபோது அனுபவித்ததை அந்த மனிதர்கள் கூண்டில் நின்று சொல்ல, அரசும் சபையும் பங்கு யாருக்கு எவ்வளவு என்று வாதாடிக்கொண்டிருந்தன. 2003-ல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம், சபை ஒரு தரும நிறுவனம், அதற்குப் பொறுப்பில்லை என்றே சொல்லிவிட்டது! 2005-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, அரசு 75 சதவீதம், சபை 25 சதவீதம் என்று முடித்தது.

இதைச் சொல்வது சபையைத் திட்டுவதற்காக இல்லை. அந்தக் காலத்தில் எந்த வக்கீலும் கட்சிக்காரரிடம் சொல்லும் முதல் வாக்கியம், "மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதீர்கள்" என்பதுதான். கேட்டால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எதிர்த்தரப்பு எடுத்துவைக்கும். மன்னிப்பு என்பது பொறுப்பை ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகாது என்று பிரிட்டிஷ் கொலம்பியா ஒரு சட்டம் இயற்றியதே 2006-ல்தான். அதற்கு எட்டு வருடம் முன்பே, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே சபை மன்னிப்புக் கேட்டது துணிச்சல். அதே சபை நீதிமன்றத்தில் பொறுப்பை மறுத்ததும் உண்மை. இரண்டையும் உங்கள் கூட்டத்தில் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் பிரசங்கம் ஆகிவிடும்.

அப்புறம், கேள்விமாடன் கேட்ட "வாசலில் நிற்கவைப்பது" பற்றி. கடன்காரன் தானே 'கணக்குத் தீர்ந்தது' என்று எழுதிக்கொள்ள முடியாது. ஈடித் மெம்னூக் செய்தது அந்தப் பேனாவைச் சபையின் கையிலிருந்து எடுத்ததுதான். 1986-லேயே ஏற்றுக்கொண்டிருந்தால், 1998-ல் இரண்டாவது மன்னிப்பு யார் கேட்டிருப்பார்கள்?

பொய்யும்மெய்யும்
புதன், பகல் 1:15

எல்லாரும் உருகுகிறீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் காம்லூப்ஸ் வதிவிடப் பள்ளி இருந்த இடத்தில் 215 பிள்ளைகளின் சவக்குழி என்று 2021-ல் உலகமே கத்தியது. இதுவரை ஒரு எலும்பாவது எடுத்தார்களா? அதை நம்பி எத்தனை ஆலயங்களைக் கொளுத்தினார்கள்? இதைப் பேசமாட்டீர்கள்.

மட்டுறுத்துனர்
புதன், பகல் 2:02

கேள்வி இருக்கட்டும், ஏளனம் வேண்டாம். பதில் எழுதுபவர்களும் ஆளைத் தாக்காமல் எழுதவும்.

வின்னிபெக்வாசி
புதன், இரவு 9:47

பேசலாம். காம்லூப்ஸில் நிலத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கருவியை வைத்துத் தேடினார்கள். அது எலும்பைக் காட்டாது, மண் கலைக்கப்பட்ட இடங்களைத்தான் காட்டும். அவை புதைகுழிகளாக இருக்கலாம் என்பதே கண்டுபிடிப்பு. தோண்டிப் பார்த்து உறுதி செய்யப்படவில்லை. சவக்குழி என்று முதல் நாள் தலைப்புப் போட்ட பத்திரிகைகள் அளவு மீறின, அதில் சந்தேகம் இல்லை. ஆலயங்களைக் கொளுத்தியது குற்றம். எரிந்தவற்றில் பூர்வகுடிகளே பல தலைமுறையாக வழிபட்ட ஆலயங்களும் உண்டு. அந்த ஊர்ப் பெரியவர்கள் அழுதார்கள்.

ஆனால் பிள்ளைகள் செத்தார்களா என்ற கேள்விக்கு ரேடார் தேவையே இல்லை. வின்னிபெக்கில் உள்ள உண்மை மற்றும் நல்லிணக்கத் தேசிய மையத்தில் இறந்த பிள்ளைகளின் பெயர்ப் பதிவேடு இருக்கிறது. நாலாயிரத்துக்கு மேல் பெயர்கள். அரசும் சபைகளும் வைத்திருந்த ஆவணங்களிலிருந்து எடுத்தவை. ரேடார் ஆயிரம் வருடம் பிழையாகக் காட்டினாலும் அந்தப் பட்டியலில் ஒரு பெயர் குறையாது.

ஐக்கிய சபையோடு சேர்ந்த ஓர் உதாரணம் இங்கேயே இருக்கிறது. பிரண்டன் நகரில் மெதடிஸ்ட்கள் தொடங்கிப் பிறகு ஐக்கிய சபை நடத்திய பள்ளி. அங்கே மூன்று இடுகாடுகளில் 104 புதைகுழிகள் இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆவணங்களில் பெயர் கிடைத்தது 78 பேருக்கு. ஒரு பழைய இடுகாட்டின் மேல் பிற்காலத்தில் முகாம் மைதானம் வந்துவிட்டது. மேலே கூடாரம் அடித்துச் சனம் விடுமுறை கழித்திருக்கிறது. இந்தத் தேடல் காம்லூப்ஸ் செய்திக்குப் பல வருடம் முன்பே தொடங்கியது. சியூ வேலி டகோட்டா மக்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்கிறார்கள். இதில் சபையால் கொடுக்க முடிந்தது பிரசங்கம் அல்ல, பதிவேடுகள். எந்தப் பிள்ளை எந்த வருடம் வந்தது, எந்த வருடத்தோடு பெயர் நின்றுபோனது. நல்லிணக்கம் என்று மேடையில் சொல்வதில் பெரும்பகுதி, கிட்டப் போய்ப் பார்த்தால், காகித வேலைதான்.

காம்லூப்ஸைப் பற்றி ஒரு தகவலையும் சேர்க்கிறேன். 2024 உயிர்ப்பு ஞாயிறு அன்று அந்த ஊர்ப் பூர்வகுடி மக்களும் வான்கூவர், காம்லூப்ஸ் கத்தோலிக்க மறைமாவட்டங்களும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சத்தம் போட்ட இரண்டு பக்கத்தாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஏழாம்மணி
வியாழன், காலை 8:05

ஆங்கிலிக்கன் சபைப் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. எங்களிடம் மன்னிப்பு ஏற்கப்பட்டது. 1993 ஆகஸ்டில் ஒன்டாரியோவின் மினாக்கியில் பூர்வகுடி ஆங்கிலிக்கன்கள் பல நாள் கூடியிருந்தார்கள். தலைமைப் பேராயர் மைக்கேல் பீயர்ஸ் வந்து, பேசாமல் உட்கார்ந்து, அவர்களுடைய அனுபவங்களைக் கேட்டார். பிறகு மன்னிப்புச் சொன்னார். மறுநாள் மூப்பர்கள் சார்பில் வை ஸ்மித் என்ற பெண்மணி ஏற்றுக்கொண்டார். ஆகவே ஏற்காமல் விடுவது ஒன்றே வழி என்று சொல்ல முடியாது.

விலையும் கொடுத்தோம். லிட்டன் ஊரில் செயின்ட் ஜார்ஜ் பள்ளி. அங்கே நடந்த கொடுமைகளுக்கான வழக்குகளால் காரிபூ மறைமாவட்டம் திவாலின் விளிம்புக்கு வந்து 2001 முடிவில் கதவைச் சாத்தியது. ஒரு மறைமாவட்டமே இல்லாமல் போனது. அந்த ஆலயங்களில் ஞாயிறு வந்தவர்களில் பலர் பூர்வகுடிகள் என்பதையும் நினைக்கவேண்டும்.

ஆனால் எனக்குப் பணத்தைவிட அதிகாரம்தான் முக்கியமாகப் படுகிறது. இந்த இழையில் ஒரு தொனி இருக்கிறது. சபை என்றால் வெள்ளைக்காரர், பூர்வகுடி என்றால் வெளியே நிற்பவர் என்று. அது சரியில்லை. வடக்கு ஒன்டாரியோவின் கிரீ ஊர்களில் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் அவர்களுடையது. நாலைந்து தலைமுறையாக அவர்களே பாடி, அவர்களே அடக்கம் செய்து வருகிறார்கள். அவர்கள் கேட்பது "எங்களுக்கு இரங்குங்கள்" என்று அல்ல. "எங்கள் ஆயரை நாங்களே தேர்ந்தெடுக்கிறோம், விலகுங்கள்" என்று. 2007-ல் முதல் தேசியப் பூர்வகுடி ஆயர். 2014-ல் மிஷாமிகோவீஷ் என்ற தனி மறைமாவட்டம், லிடியா மமக்வா ஆயராக. 2019-ல் தேசியப் பூர்வகுடி ஆயர் பதவி பேராயர் பதவியானது. வழுக்கலும் உண்டு: அந்தப் பதவியின் முதல் ஆள் மார்க் மெக்டொனால்ட் பாலியல் ஒழுங்கீனக் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு 2022-ல் விலகினார். பள்ளிகளின் காயத்தோடு அவரை நம்பியிருந்த மக்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! பிறகு கிறிஸ் ஹார்பர் வந்தார், வேலை தொடர்கிறது.

ரூஜ்நதிக்கரை, உங்கள் சபையிலும் இது நடந்திருக்கிறதே? ஸ்டான் மெக்கே?

ரூஜ்நதிக்கரை
வியாழன், இரவு 9:20

ஆமாம் அக்கா. மானிட்டோபாவின் ஃபிஷர் ரிவர் கிரீ ஊர்க்காரர். 1992-ல் மாடரேட்டர் ஆனார், முதல் பூர்வகுடி மாடரேட்டர். 2022-ல் ஹெயில்ட்சுக் மக்களைச் சேர்ந்த கார்மன் லான்ஸ்டவுன், பூர்வகுடிப் பெண்களில் முதலாமவர். நடுவில் முப்பது வருடம். 2012-ல் சபையின் முத்திரையை மாற்றி பூர்வகுடிகளின் புனிதச் சின்னமான மருத்துவச் சக்கரத்தின் நான்கு நிறங்களையும் மோஹாக் என்ற பூர்வகுடி மொழியில் ஒரு வாசகத்தையும் சேர்த்தார்கள். முத்திரை மாற்றுவது சுலபம். பூர்வகுடிச் சபைகள் தங்கள் காரியத்தைத் தாங்களே முடிவுசெய்யும் அமைப்பாக இருக்கவேண்டும் என்பதைச் சபையின் அடிப்படை விதியிலேயே எழுத, நாடு முழுக்க வாக்கெடுக்கவேண்டி வந்தது. அது நிறைவேறியதைத்தான் 1986-க்குப் பிறகு நடந்ததில் பெரியது என்று நான் நினைக்கிறேன்.

கேள்விமாடன்
வெள்ளி, காலை 6:40

நிறையப் படித்துக்கொண்டேன், நன்றி. முதலில் கேட்ட விடுதிக் கேள்விக்கு வின்னிபெக்வாசி சொன்ன பதில் போதும்.

ஆனால் ஒரு உறுத்தல். புகை காட்டுவது, மருத்துவச் சக்கரம், இதெல்லாம் ஆலயத்துக்குள் வரலாமா? எங்கள் ஊரில் சாமிக்குப் படைத்த பிரசாதத்தைத் தொட்டாலே பெரியவர்கள் திட்டுவார்கள். மன்னிப்புக் கேட்கலாம், இழப்பீடு கொடுக்கலாம். அதற்காக வேதத்தை விட்டுக்கொடுப்பதா?

ஏழாம்மணி
வெள்ளி, காலை 10:11

தம்பி, இதை நீங்களோ நானோ தீர்க்கவேண்டியதில்லை. பூர்வகுடிக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இதில் பெரிய பிளவு உண்டு. இனிப்புப் புல்லைக் கொளுத்தி அந்தப் புகையில் ஜெபிப்பவர்களும் இருக்கிறார்கள், அதைக் கண்டாலே ஆலயத்தை விட்டு வெளியேறும் கிரீப் பாட்டிகளும் இருக்கிறார்கள். சில பாட்டிகளுக்கு அந்த வெறுப்பைக் கற்றுக்கொடுத்ததே பள்ளிதான். சிலருக்கு அது சொந்த விசுவாசம். வெளியே இருந்து எது எது என்று பிரிக்க முடியாது. வெள்ளைக்கார ஆயர் 1920-ல் "புகை கூடாது" என்றார். இப்போது வெள்ளைக்கார ஆயர் "புகை வேண்டும்" என்று உத்தரவு போட்டால் அதுவும் பழைய கதைதான். அதனால்தான் அதிகாரத்தைப் பற்றி அவ்வளவு நீட்டி எழுதினேன்.

ரூஜ்நதிக்கரை
வெள்ளி, இரவு 10:35

மூத்தவர்களின் கேள்விக்கு வருகிறேன். நாங்களா நடத்தினோம்? இல்லை. அதில் குற்றவுணர்வு கொள்ளவேண்டிய தேவையும் இல்லை, யாரையும் கொள்ளச் சொல்லப் போவதும் இல்லை. ஆனால் நாங்கள் இந்தச் சபையின் அங்கத்தவர்கள். அதன் கட்டடம், பெயர், சலுகை எல்லாம் எங்களுக்கும் கிடைக்கிறது. அதன் கடன் மட்டும் வேறு ஆட்களுடையது என்று எப்படிச் சொல்வது?

ஆலயம் நிற்கும் நிலத்தையே எடுங்கள். ஸ்காபரோ உட்பட இந்தப் பகுதிக்கு 1923-ல் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் (பூர்வகுடிகளோடு அரசு செய்த நில ஒப்பந்தங்கள்) எழுதப்பட்டன. ஏழு பூர்வகுடிச் சமூகங்கள் அதில் ஏமாற்றப்பட்டதாக வழக்காடி, 2018-ல் அரசுகள் 1.1 பில்லியன் டாலருக்கு இணங்கின. ரூஜ் நதிப் பள்ளத்தாக்குக்கு மிசிசாகா கிரெடிட் என்ற பூர்வகுடிச் சமூகம் 2015-ல் போட்ட உரிமைக் கோரிக்கை வேறு இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் நில அங்கீகார வாசகத்தை (இது பூர்வகுடிகளின் நிலம் என்று சொல்லும் வாசகம்) வாசிக்கிறோம், பல பேர் அப்போதுதான் வாகனம் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

2021 ஜூன் முதல் குடியுரிமை உறுதிமொழியில் பூர்வகுடிகளின் உடன்படிக்கை உரிமைகளை மதிப்பேன் என்ற வரி சேர்ந்திருக்கிறது. ஆணைக்குழுவின் 94 ஆவது கோரிக்கை அது. எங்கள் மூத்தவர்கள் எடுத்த உறுதிமொழியில் அந்த வரி இல்லை, அண்மையில் வந்த அவர்களுடைய மருமக்கள் எடுத்ததில் இருக்கிறது. ஒரே வீட்டுக்குள்ளேயே இதைப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே இருந்துதான் தொடங்கப்போகிறேன். பள்ளியில் இருந்து தப்பிப் பிழைத்த ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லலாமா என்றும் யோசனை.

வின்னிபெக்வாசி
சனி, காலை 9:02

அழைக்கலாம். ஆனால் "உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். எதைப் பற்றிப் பேச விருப்பம் என்று கேளுங்கள். பலர் மொழி வகுப்பு, மீன்பிடி உரிமை, பேரப்பிள்ளைகள் பற்றித்தான் பேச விரும்புவார்கள். மூப்பரை அழைக்கும்போது புகையிலை கொடுத்துக் கேட்கும் மரபு உண்டு. உங்கள் பகுதிச் சமூகத்தில் எப்படி என்று முன்பே விசாரியுங்கள். போக்குவரத்துச் செலவும் சன்மானமும் கட்டாயம். தேநீரும் சமோசாவும் சன்மானம் ஆகாது.

பள்ளிகள் மூடிவிட்டன, எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை வையுங்கள். 2021 குடிசன மதிப்பீட்டின்படி, கனடாவில் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 7.7 சதவீதம் பூர்வகுடிகள். வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் அதே வயதுப் பிள்ளைகளில் 53.8 சதவீதம் அவர்கள். வேலையில் நான் தினமும் பார்க்கும் கோப்புகள் இவை. பல கோப்புகளில் பாட்டி எந்தப் பள்ளியில் இருந்தார் என்ற வரியும் இருக்கும்.

சட்டக்கோப்பு
சனி, பகல் 11:48

ஒரு சின்ன ஆலோசனை, பிறகு நான் ஒதுங்கிக்கொள்கிறேன். ஐக்கிய சபை வருடா வருடம் ஆலயங்களை மூடி விற்றுக்கொண்டிருக்கிறது. ரொறன்ரோவில் ஒரு ஆலய மனை இன்றைக்கு என்ன விலை போகும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வட்டாரத்தில் அப்படி விற்ற பணத்தில் பூர்வகுடி ஊழியங்களுக்கு எவ்வளவு போகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். கூட்டம் முடிவதற்குள் மூத்தவர்களிடமே கையெழுத்து வாங்கிவிடுங்கள். வரைவு வேண்டுமென்றால் தனிமடலில் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.